கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டு அட்டைகள்



போன மாதம் பழைய டூரிங் டாக்கீஸ்களைப் பற்றி எழுதியபோது, 1980களில் என்னிடம் வரலாறு படித்த மாணவி ஒருவர் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தார். "சார், தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்டில் குத்தி வைத்திருப்பார்களே, அதையெல்லாம் யாராவது எடுத்து வைத்திருப்பார்களா?" என்று. அங்கேயே இரண்டு வரியில் பதில் எழுத ஆரம்பித்தேன். அது இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. நீளமான பதிவு. வகுப்பறையில் மணி அடித்த பிறகும் விடாமல் பாடம் நடத்தியவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஸ்டில்களைச் சேர்த்து வைத்தவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் அதற்கு ஒரு தனி உலகமே இருக்கிறது. அங்கே அதன் பெயர் லாபி கார்டு. லாபி என்றால் டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் வரும் முன்கூடம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இதில் ஒரு கிறுக்குப் பிடித்தது, அதுவும் குறிப்பாக 1929 முதல் 1960கள் வரை வந்த ஹாலிவுட் இசைப்படங்களின் அட்டைகள் மீது. என்னிடம் இருப்பது மொத்தமே ஆறு அட்டைதான். பென்ஷன்காரனின் சேகரிப்பு அவ்வளவுதான் இருக்கும். ஆனால் அதைப் பற்றிப் படித்தது நிறைய.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 11 அங்குல உயரம், 14 அங்குல அகலம். போஸ்டர் தாளைவிடத் தடிமனான அட்டை. படத்துக்கு எட்டு அட்டை கொண்ட ஒரு கட்டு. அதில் பெரும்பாலும் ஒன்று தலைப்பு அட்டை. படத்தின் பெயர், நட்சத்திரங்களின் பெயர், ஓவியம் என்று ஒரு குட்டி போஸ்டர் மாதிரி இருக்கும். மற்ற ஏழும் காட்சி அட்டைகள். 1910களில் தொடங்கிய இந்த வழக்கம் 1980களின் நடுப்பகுதி வரை அமெரிக்கத் தியேட்டர்களில் இருந்தது. ஆரம்பத்தில் 8க்கு 10 அங்குல அளவிலும் வந்தன. பிறகு 11க்கு 14 நிலைத்துவிட்டது.

சுவரொட்டி தெருவில் போகிறவனைக் கூப்பிடுவதற்கு. லாபி கார்டு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவனை, "அடுத்த வாரமும் வா" என்று கூப்பிடுவதற்கு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நின்று, நிதானமாக, மூக்கு கண்ணாடியில் படுகிற தூரத்தில் பார்க்கிறவனுக்காக அச்சடித்தது என்பதால் இதில் நுணுக்கம் அதிகம்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். இந்த அட்டைகள் யாருக்கும் சொந்தமாக விற்கப்பட்டவை அல்ல. ஸ்டுடியோக்களுக்கு ஊர் ஊராக விநியோகக் கிளைகள் இருந்தன. படப்பெட்டி எப்படி வாடகைக்குப் போய்த் திரும்பி வருமோ, அதே மாதிரிதான் விளம்பர அட்டைகளும். பெரிய நகரத்தின் அரண்மனை மாதிரியான தியேட்டரில் முதலில் ஓடும், பிறகு அதே நகரத்தின் சின்னத் தியேட்டர்கள், பிறகு சிற்றூர்கள். நம் ஆட்கள் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று சொல்வார்களே, அதே கதை. அந்த எட்டு அட்டையும் கூடவே பயணம் போகும். ஒவ்வொரு ஊரிலும் நான்கு மூலையிலும் குண்டூசி. சி சென்டர் போய்ச் சேரும்போது மூலை முழுக்கச் சல்லடையாகியிருக்கும். பிறகு குப்பைதான்.

டிரெய்லர் தயாரிப்பதற்காக 1920ல் தொடங்கிய நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம், 1940 வாக்கில் பெரும்பாலான ஸ்டுடியோக்களின் விளம்பரப் பொருள் விநியோகத்தையும் கையில் எடுத்துக்கொண்டது. அவர்கள் செய்த ஒரு குமாஸ்தா வேலை இன்றைக்கு வரலாற்று மாணவனுக்குப் பெரிய உதவி. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் போட்டு அட்டையின் கீழ் ஓரத்தில் அச்சடித்தார்கள். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, சாய்கோடு, பிறகு வரிசை எண். 52 என்று தொடங்கினால் 1952ஆம் ஆண்டுப் படம். மறுவெளியீடு என்றால் முன்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்து. யாரோ ஒரு கிடங்குக் கணக்கர் பெட்டி மாறிவிடக்கூடாது என்பதற்காகப் போட்ட எண், ஒரு தாளின் வயதைச் சொல்லும் சான்றாகிவிட்டது. கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டு போட்டிருப்பதைப் பற்றி உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதேதான்.

இப்படிப் போய்த் திரும்பியதில் மிஞ்சியவை கொஞ்சம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா முழுக்கப் பழைய காகிதம் சேகரித்தார்கள், அதில் போனவை ஏராளம். மிஞ்சியவற்றை ஏதோ ஒரு தியேட்டர்காரர் திருப்பி அனுப்ப மறந்திருப்பார், அல்லது வேலைக்காரப் பையன் ஒருவன் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பான். சிலர் வீட்டுச் சுவருக்குள் குளிருக்குத் தடுப்பாகக்கூட வைத்திருந்தார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் பெர்விக் என்ற சிறிய ஊரில் பழைய பொருள் ஏலத்தில் ஒட்டிப்போன காகிதக் கட்டு ஒன்று கிடைத்தது. சுவரொட்டிப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த 33 சினிமாப் போஸ்டர்கள், எல்லாம் 1930களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஆவி காட்டிப் பிரித்தெடுத்து 2012ல் ஏலம் விட்டபோது சுமார் 5 லட்சம் டாலருக்குப் போயின. அவற்றில் இசைப்படம் முக்கியமில்லை, பேய்ப்படமும் குண்டர் படமும்தான் காசு. இருந்தாலும் காகிதம் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சரி, ஏன் இசைப்படம்? பாட்டையும் ஆட்டத்தையும் நம்பி எடுத்த படத்தை, பேசாத அசையாத ஓர் அட்டையை வைத்து விற்க வேண்டும். சண்டைப் படத்துக்குத் துப்பாக்கியைக் காட்டினால் போதும். பாட்டை எப்படிக் காட்டுவது? இந்தச் சிக்கலை அச்சகத்து ஓவியர்கள் எப்படியெல்லாம் சமாளித்தார்கள் என்று பார்ப்பதில்தான் எனக்குச் சுவை. விரிந்த பாவாடை, மாடிப்படி வரிசை, காற்றில் நிற்கும் கால், ஓரத்தில் சிந்திக் கிடக்கும் இசைக் குறியீடுகள்.

1927 அக்டோபர் 6ல் 'தி ஜாஸ் சிங்கர்' நியூயார்க்கில் வெளியானது. அல் ஜோல்சன் அதில் பாடினார், கொஞ்சம் பேசவும் செய்தார். அதற்குப் பிறகு ஹாலிவுட்டில் பாட்டு வெள்ளம். 1929ல் எம்.ஜி.எம்.மின் 'தி பிராட்வே மெலடி' வந்து சிறந்த படத்துக்கான அகாடமி விருதை வாங்கியது. பேசும் படம் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் முறை. எல்லா ஸ்டுடியோவும் பாட்டுப்படம் எடுக்கப் பாய்ந்தன. நம் தமிழ் சினிமாவின் ஆரம்ப காலத்தில் ஒரு படத்துக்கு ஐம்பது பாட்டு வைத்தார்களே, கிட்டத்தட்ட அந்த வேகம். ஒன்றிரண்டு ஆண்டில் ஜனங்களுக்குத் திகட்டிவிட்டது. 1930, 31ல் எடுத்து முடித்த படங்களிலிருந்து பாட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு வெளியிடும் நிலை வந்தது. இசைப்படம் செத்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

அதை எழுப்பிக் கொண்டுவந்தது வார்னர் பிரதர்ஸின் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்', 1933 மார்ச். அந்த மாதத்தை வரலாறு படித்தவர்கள் மறக்கக்கூடாது. பெருமந்தத்தின் அடிமட்டம் அது. நாலில் ஒரு அமெரிக்கத் தொழிலாளிக்கு வேலை இல்லை. மார்ச் 4ல் ரூஸ்வெல்ட் பதவியேற்றார், இரண்டு நாளில் நாட்டின் வங்கிகளையெல்லாம் மூட உத்தரவிட்டார். வார்னர் நிறுவனம் தன் நட்சத்திரங்களை ஏற்றிக்கொண்டு அந்தப் படத்தின் பெயரிலேயே ஒரு சிறப்பு ரயில் விட்டது. நாடு முழுக்க நின்று நின்று விளம்பரம் செய்துகொண்டு பதவியேற்பு விழாவுக்காக வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது அந்த ரயில். படத்தின் கதையும் வேலை தேடும் ஆட்டக்காரப் பெண்களைப் பற்றியதுதான். அதில் நடனங்களை அமைத்தவர் பஸ்பி பெர்க்லி. அதே ஆண்டில் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933', 'ஃபுட்லைட் பரேட்' இரண்டுக்கும் அவர்தான். கேமராவைக் கூரைக்குக் கொண்டுபோய், நூற்றுக்கணக்கான பெண்களை மேலிருந்து பூக்கோலம் மாதிரி காட்டியவர். பெர்க்லி நடனக் காட்சி உள்ள அட்டை என்றால் சேகரிப்பாளர்கள் விலை பேசுவதற்கு முன்பே கை நீட்டிவிடுவார்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அட்டையில் இருப்பது படச்சுருளிலிருந்து எடுத்த காட்சி கிடையாது. படப்பிடிப்புத் தளத்தில் ஸ்டில் போட்டோகிராபர் தனியாக ஒரு பெரிய கேமரா வைத்து, நடிகர்களை நிற்கச் சொல்லி எடுத்தது. ஆகவே படத்தில் பார்க்கும் கோணமும் அட்டையில் பார்க்கும் கோணமும் ஒன்றாக இருக்காது. படத்தொகுப்பில் வெட்டப்பட்ட காட்சிகூட அட்டையில் பிழைத்திருப்பது உண்டு. எடுத்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வண்ணம் பின்னால் அச்சகத்தில் ஏற்றியது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் வண்ண அட்டை உண்டு, டெக்னிகலர் படத்துக்கும் கையால் பூசிய வண்ணத்தில் அட்டை உண்டு. 1935ல் வந்த 'டாப் ஹேட்' படத்தில் ஜிஞ்சர் ரோஜர்ஸ் ஓர் இறகு உடை போட்டு ஆடுவார். படத்தில் வெள்ளை மாதிரி தெரியும், உண்மையில் அது இளநீலம். ஆடும்போது இறகு உதிர்ந்து ஃப்ரெட் அஸ்டேரின் கண்ணிலும் மூக்கிலும் பறந்து அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை என்பது பிரபலமான கதை. இந்த மாதிரிப் படங்களின் அட்டையில் ஒரு உடை பச்சையாகவோ ரோஸாகவோ இருந்தால், அது அந்த அச்சகத்துக்காரரின் விருப்பம். உடையின் நிறத்துக்கு அட்டை சாட்சி ஆகாது.

வேறு எதற்குச் சாட்சி ஆகும்? பெயர் வரிசைக்கு. அஸ்டேரும் ரோஜர்ஸும் முதலில் சேர்ந்து ஆடியது 1933ல், ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ'வில். நாயகி டோலோரஸ் டெல் ரியோ. பட்டியலில் ரோஜர்ஸ் நாலாவது, அஸ்டேர் ஐந்தாவது! படம் வந்தது, ஜனங்கள் அந்த இரண்டு பேரையும் பார்க்கவே திரும்பத் திரும்ப வந்தார்கள். அடுத்த படத்தில் அவர்களே தலைப்பு. மொத்தம் பத்துப் படம் சேர்ந்து நடித்தார்கள், ஒன்பது ஆர்.கே.ஓ.வில், கடைசி 1949ல் எம்.ஜி.எம்.மில். ஒரு மனிதன் நட்சத்திரம் ஆவதற்கு முந்தின கணம் இந்த மாதிரித் தாளில்தான் மாட்டிக்கொள்கிறது. பின்னால் எழுதுகிற வாழ்க்கை வரலாறுகள் அவரை முதலிலிருந்தே பெரியவராகத்தான் காட்டும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம். இந்த அட்டைகள் எதைக் காட்டின என்பதைவிட, எதைக் காட்டாமல் விட முடிந்தது என்பதில் எனக்கு அக்கறை அதிகம்.

லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகி. 1942ல் எம்.ஜி.எம். ஒப்பந்தம் செய்தது. அழகும் குரலும் சேர்ந்தவர். 1943ல் கறுப்பின நடிகர்கள் மட்டுமே நடித்த இரண்டு இசைப்படங்கள் அவருக்கு அமைந்தன. ஒன்று எம்.ஜி.எம்.மின் 'கேபின் இன் தி ஸ்கை'. இன்னொன்று ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் 'ஸ்டார்மி வெதர்', பில் ராபின்சன், கேப் காலோவே, ஃபேட்ஸ் வாலர், நிக்கலஸ் சகோதரர்கள் எல்லாம் அதில் உண்டு. மற்றப் படங்களில் அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஒரு தூணில் சாய்ந்து நின்று ஒரு பாட்டு. முன்னும் பின்னும் கதையோடு எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஏனென்றால், அமெரிக்காவின் தென்மாநிலத் தியேட்டர்களில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தை ஓட்ட வசதியாக இருக்க வேண்டும். மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழுவுக்கு 1928 முதல் 1955 வரை லாய்ட் பின்ஃபோர்ட் என்பவர் தலைவர். கறுப்பர்கள் வெள்ளையர்களுக்குச் சமமாகத் தோன்றும் காட்சி எதையும் அவர் விடமாட்டார். ஸ்டுடியோக்கள் அவரோடு சண்டை போடவில்லை. கத்தரிக்கு ஏற்ற மாதிரிப் பாட்டைத் தைத்துக் கொடுத்தன.

1951ல் 'ஷோ போட்' எடுத்தபோது, கலப்பினப் பெண்ணான ஜூலி பாத்திரம் லீனாவுக்குப் பொருத்தமானது. 1946ல் 'டில் தி க்ளவுட்ஸ் ரோல் பை' படத்தின் ஒரு பகுதியில் அவரே அந்த ஜூலியாகப் பாடியும் இருந்தார். பாத்திரம் ஏவா கார்ட்னருக்குப் போனது. பாட்டுக்கு இன்னொருவர் குரல்.

நான் வகுப்பில் ஒன்று சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு சான்று கையில் கிடைத்தால் முதல் கேள்வி, இதை எழுதியவன் யார், யாருக்காக எழுதினான். இரண்டாவது கேள்வி, இதில் யார் இல்லை. 1940களின் லாபி கார்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்து இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அட்டை என்பது ஊர் ஊராகப் போகும் பொருள், தென்மாநிலச் சிற்றூருக்கும் போக வேண்டும். கறுப்பினக் கலைஞர்களின் படங்களுக்கான போஸ்டர்களும் அட்டைகளும் இன்று தனிப் பிரிவாகச் சேகரிக்கப்படுகின்றன, நல்ல விலையும் உண்டு. அன்றைக்கு அவற்றுக்குக் கண்ணாடிப் பெட்டியில் இடம் கிடைத்த ஊர்கள் கொஞ்சம்தான்.

குரலின் கதையும் இதே மாதிரிதான். 1956ல் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெர்ருக்கு, 1961ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கு, 1964ல் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு என்று மூன்றிலும் பாடியவர் மார்னி நிக்சன். வெளியான காலத்தில் அந்தப் படங்களில் அவர் பெயர் கிடையாது, அட்டையில் எப்படி இருக்கும்? பின்னணி பாடுவது ஒரு குற்றம் மாதிரி மறைத்தார்கள். பின்னணிப் பாடகர்களுக்குக் கோயில் கட்டாத குறையாக வாழ்ந்த நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மோசடியையே கதையாக வைத்து எடுத்த படம்தான் எல்லாரும் கொண்டாடும் 'சிங்கின் இன் தி ரெயின்', 1952. 1927ல் பேசும்படம் வந்தபோது, குரல் சரியில்லாத ஒரு நடிகைக்குத் திரைக்குப் பின்னால் நின்று ஓர் இளம்பெண் குரல் கொடுக்கிறாள், கடைசியில் திரை விலகி உண்மை வெளியாகிறது. அந்த இளம்பெண்ணாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். ஆனால் ஒரு பாட்டில் டெபிக்கே வேறொருவர் குரல்! பெட்டி நாய்ஸ் என்ற பாடகி. இன்னும் கேளுங்கள். டெபி குரல் கொடுப்பதாக வரும் ஒரு வசனத்துக்கு, 'குரல் சரியில்லாத நடிகை'யாக நடித்த ஜீன் ஹேகன்தான் தன் இயல்பான குரலில் பேசினார். அவருடைய உண்மையான குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. அட்டையில் எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

இனி வாங்குவது பற்றி. நியூஜெர்சியில் இருக்கும் என் மாணவர் ஒருவர், அம்மாவின் அறுபதாவது திருமண நாளுக்காக 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' அட்டை ஒன்றை வாங்கப் போவதாக எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கல்யாணமான புதிதில் அப்பா அம்மாவைக் கூட்டிப்போன முதல் ஆங்கிலப் படமாம். விற்கிறவர் 1939ஆம் ஆண்டு அசல் என்று சொல்லியிருக்கிறார். கேட்ட விலை மாணவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். மறுநாள் காலைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். அவசரப்படுத்தினாலே நான் சந்தேகப்படுவேன். கீழ் ஓரத்தைக் கிட்டத்தில் படம் பிடித்து வாங்கி அனுப்பச் சொன்னேன்.

இந்தப் படத்தின் வரலாறு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1939 ஆகஸ்டில் வெளியானது. எடுக்க 27 லட்சம் டாலருக்கு மேல் ஆனதால் முதல் வெளியீட்டில் எம்.ஜி.எம்.முக்கு லாபம் இல்லை. 1949ல் மறுவெளியீடு செய்தபோதுதான் லாபக் கணக்குக்கு வந்தது. 1955ல் மறுபடியும் வெளியிட்டார்கள். 1956ல் தொலைக்காட்சிக்கு வந்தது, பிறகுதான் அமெரிக்கா முழுக்க வீட்டுக்கு வீடு தெரிந்த படமானது. ஆக அட்டைகளிலும் மூன்று தலைமுறை இருக்கிறது. 1939 அட்டையில் அந்த நேஷனல் ஸ்க்ரீன் எண் இருக்க முடியாது, அந்த முறையே அப்போது வரவில்லை. 1949, 1955 அட்டைகளில் ஆர் எழுத்தோடு எண் இருக்கும். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

படம் வந்தது. ஆர் 55 என்று தெளிவாக இருந்தது. அதைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துத்தான் முதலில் படம் எடுத்திருக்கிறார் அந்த விற்பனையாளர். மாணவர் அதைக் கேட்டதும் விற்பனையாளர் பேச்சை மாற்றிவிட்டார். கடைசியில் வேறு ஒருவரிடம், மறுவெளியீட்டு அட்டை என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்ற ஒன்றை, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்கு வாங்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். அந்தத் தம்பதி பார்த்ததே மறுவெளியீடாகத்தான் இருக்கும், அதுதானே அவர்களுக்கு அசல்?

நீங்களும் யாராவது இறங்குவதாக இருந்தால் இன்னும் சில விஷயங்கள். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிற்கால நகல் என்றால், எழுத்துகளின் விளிம்பில்கூடச் சீரான வண்ணப் புள்ளிகள் தெரியும், ஏனென்றால் அட்டை முழுவதையும் படம் பிடித்து அச்சடித்திருப்பார்கள். அடுத்தது, கள்ளநோட்டைப் பார்க்கும் புற ஊதா விளக்கு. 1950 வாக்கிலிருந்துதான் காகிதத்தில் வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள், அது அந்த விளக்கில் நீலமாக ஒளிரும். 1935ஆம் ஆண்டு அட்டை என்று சொல்லப்படுவது சலவை வேட்டி மாதிரி ஒளிர்ந்தால் கும்பிட்டு வந்துவிடலாம். குண்டூசி ஓட்டையைப் பார்த்து விலை குறைக்காதீர்கள், எனக்கு அது அட்டையின் பாஸ்போர்ட் முத்திரை. ஓரத்தை நறுக்கியிருந்தால் மட்டும் வேண்டாம். நட்சத்திரம் இல்லாத காட்சி அட்டையைச் சேகரிப்பாளர்கள் 'செத்த அட்டை' என்பார்கள், மலிவாகக் கிடைக்கும். என்னிடம் இருக்கும் 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்', 1954, அப்படி ஒன்றுதான். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

டெபி ரெனால்ட்ஸை விட்டுவிட்டு வந்துவிட்டேனே. 1970 மே மாதம் எம்.ஜி.எம். தன் ஸ்டுடியோவில் இருந்த உடைகள், மேசை நாற்காலிகள், சாமான்கள் எல்லாவற்றையும் ஏலம் போட்டது. ஏலத்துக்கு எடுத்தவர் டேவிட் வைஸ். நிலத்துக்கு இருந்த மதிப்பு நினைவுக்கு இல்லை. 'விசார்ட் ஆஃப் ஆஸ்'ஸில் ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புக் காலணி ஜோடி ஒன்று 15,000 டாலருக்குப் போனது. அந்தக் காலணியில் பிழைத்த ஜோடிகள் சிலவே. அவற்றில் ஒன்று 2005ல் மினசோட்டா மாநில அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து திருடுபோய், 2018ல் மீட்கப்பட்டு, 2024 டிசம்பரில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, கட்டணங்கள் தனி. 1970ல் இதையெல்லாம் யார் கண்டார்கள்? டெபி கண்டார். சொந்தக் காசைப் போட்டு உடை உடையாக வாங்கினார். ஹாலிவுட்டுக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று நாற்பது ஆண்டு அலைந்தார். யாரும் நிலையாகக் கை கொடுக்கவில்லை. 2011ல் அவரே அவற்றை ஏலத்தில் விற்க ஆரம்பித்தார். மர்லின் மன்றோவின் அந்த வெள்ளை உடை மட்டும் 46 லட்சம் டாலர். பணம் வந்தது, ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்தது உலகம் முழுக்கச் சிதறிப்போனது. 2016 டிசம்பர் 28ல், மகள் கேரி ஃபிஷர் இறந்த மறுநாள், அவரும் காலமானார்.

சேகரிப்பவர்களைப் பார்த்து "பைத்தியம்" என்று வீட்டில் சொல்வதுண்டு. எங்கள் வீட்டிலும் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் காட்டுவது இரண்டு படங்களின் பெயரை.

1929ல் வார்னர் எடுத்த 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே'. முழுக்க டெக்னிகலரில், அன்றைய இரண்டு வண்ண முறையில் எடுத்தது. அந்த ஆண்டின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று, நிக் லூகாஸ் அதில் பாடிய 'டிப்டோ த்ரூ தி டூலிப்ஸ்' உலகமெங்கும் பிரபலம். 1930ல் எம்.ஜி.எம். எடுத்த 'தி ரோக் சாங்'. ஆபரா பாடகர் லாரன்ஸ் டிபெட் நாயகன், அகாடமி விருதுக்கும் முன்மொழியப்பட்டார். லாரல், ஹார்டி இருவரும் நகைச்சுவைக்கு. இயக்கம் லயனல் பேரிமோர். இரண்டு படமும் இன்று முழுதாக இல்லை. எரியும் தன்மையுள்ள நைட்ரேட் சுருள்கள், யாரும் பாதுகாக்கவில்லை. முதல் படத்தில் கடைசிப் பகுதியும் சில துண்டுகளும்தான் மிஞ்சின. இரண்டாவதில் துண்டு துண்டாகச் சில நிமிடங்கள், ஒரு கரடி குகைக்குள் வரும் காட்சி உட்பட.

ஆனால் இரண்டின் ஒலியும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒலியைப் பெரிய இசைத்தட்டில் தனியாகப் பதிந்து, படத்தோடு இணைத்து ஓட்டுவார்கள். தட்டு எரியவில்லை. ஆகவே இன்றைக்கு ஒருவர் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே'யை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை காதால் கேட்கலாம். யார் எங்கே நின்றார்கள், அறை எப்படி இருந்தது, என்ன உடுத்தியிருந்தார்கள் என்று பார்க்க, ஸ்டில்களும் லாபி கார்டுகளும்தான். நான் அப்படி ஒரு மாலை செய்து பார்த்தேன். காதில் ஒலி, கணினித் திரையில் அந்த அட்டைகளின் படங்கள் வரிசையாக. பாட்டு முடிந்து கைதட்டல் வரும் இடத்தில் எந்த அட்டையைப் பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திணறினேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ தியேட்டர் ஸ்டில்லோ இருந்தால் செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்ப்போம்.